கடித்த வாய்

"நாய் கடிச்சிருச்சு டாக்டரம்மா."

அந்தப் பெண் நீட்டிய புறங்கை பொதபொதவென்று வீங்கிச் சிவந்திருந்தது. நடுவில் அரைவட்டமாகப் பல் தடம். ஓரத்தில் சீழ்.

"நாய்க்கு இவ்வளவு வரிசையாவா பல்லு இருக்கும்?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அடி வாங்குவது, இங்கே வந்து பொய் சொல்வது. மாதம் நாலு பேராவது வருகிறார்கள்.

"உண்மையைச் சொல்லும்மா. மனுஷ வாயில இருக்கிற கிருமி லேசுப்பட்டதில்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலையே மடக்க முடியாமப் போயிருக்கும்."

"மனுஷங்கதான்" என்றாள் தலை குனிந்து. "மூணு நாளாச்சு. களிம்பு போட்டேன், கேக்கல."

டாக்டர் உப்புநீரைப் பீய்ச்சிக் காயத்தைக் கழுவினார்.

"தையல் போடலியா?" என்றாள் பெண்.

"மூடினா கிருமி உள்ளேயே குடித்தனம் நடத்தும். திறந்துதான் ஆறணும். ஊசி போடுறேன். மாத்திரையை வேளை தவறாமச் சாப்பிடு. போலீஸ்ல சொல்லிடலாமா?"

"ஐயோ, அவங்க தங்கமானவங்க!" பெண் பதறினாள். "எப்பவாவது தன்னை மறந்த நேரத்துலதான் இப்படி. மத்தபடி, 'நீ சாப்பிட்டியா'ன்னு கேக்காம ஒரு வாய் தொட மாட்டாங்க. என்னை அப்படிக் கேக்க வேற யாரு இருக்கா?"

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் அவங்களுக்குக் குளிர் விட்டுப்போகுது! கடிச்சவங்களுக்கும் ரத்தம் பாக்கணும். நாளைக்கே கூட்டிட்டு வா. நானே நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்."

நர்ஸ் ஊசி மருந்து எடுக்க வெளியே போனாள். டாக்டர் காயத்துக்கு லேசாகக் கட்டுப் போட ஆரம்பித்தார். பெண் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தம்மா முன்னாடி சொல்ல முடியல. நான் முதியோர் இல்லத்துல வேலை பாக்கறேன். கடிக்கிறவங்கன்னு தெரிஞ்சா அங்கே வெச்சுக்க மாட்டாங்க, அனுப்பிடுவாங்க. வேற டாக்டர் சீட்டுல எழுதிட்டா வம்பாயிரும். அதான் ரெண்டு பஸ் மாறி உங்ககிட்டயே வந்தேன்."

"என்கிட்ட ஏன்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க பாக்க வர்றப்ப எனக்கு லீவு. அதனால என்னை உங்களுக்குத் தெரியாது. உங்க போட்டோவைக் காட்டி 'என் பொண்ணு டாக்டர்'னு அம்மா தினமும் சொல்றதால, எனக்கு உங்களைத் தெரியும்."

கட்டுப் போட்டு முடித்த அந்தக் கையை டாக்டர் விடவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து, மெல்லக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.