முதலில் அவனுக்கு

சமார் தீவின் மலையடியில் சண்டை ஓய்ந்துவிட்டது. தென்னந்தோப்புக்குள் வெயில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. ராணுவ மருத்துவ உதவியாளர் சார்ஜன்ட் லுமாவிக், பிடிபட்ட கிளர்ச்சிக்காரனின் தொடைக் காயத்தை இறுக்கிக் கட்டுகிறார். பக்கத்தில் சிப்பாய் டும்லாவ், துணி சுற்றிய தோளோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னைச் சுட்டவன் சார் அவன்! அவனுக்கா முதல்ல?"

"உனக்குக் கசியுது. அவனுக்குக் கொட்டுதுடா," என்கிறார் லுமாவிக், நிமிராமலே. "இந்த சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடி."

டும்லாவ் எதிரியின் வெளுத்த உதடுகளைப் பார்க்கிறான். ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, அடிபடாத கையால் பாட்டிலை வாங்குகிறான். லுமாவிக் எதிரியின் கையில் ஊசியைக் குத்த, சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்குகிறது. வலியில் டும்லாவின் உடம்பே நடுங்குகிறது. உயர்த்திய கை மட்டும் தாழவில்லை.