பெயர் எழுதாத சீட்டு

"எட்டு நாள், அறுபத்திரண்டு பேர், நானூத்தித் தொண்ணூத்தாறு ரேகை. ஒண்ணுகூடத் தப்பலை சார்," என்றார் வேதமாணிக்கம், பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி.

மேனேஜர் தேவப்பிரியம் திருப்தியாகத் தலையாட்டினார். எண்ணூரில் இருந்த அந்த பிளீச்சிங் பவுடர் ஆலையின் வாசலில், வருகைக்கு அடையாளமாகப் பெட்டியில் போடுவது இதுவரை பித்தளை வில்லைதான். ஒருத்தி வராத நாளில் அவளுடைய வில்லையையும் தோழி சேர்த்துப் போட்டுவிடுவாள். அதை ஒழிக்கத்தான் கட்டைவிரல் ரேகை. முதலில் மூட்டை தைக்கும் பெண்களை வைத்துப் பரீட்சை.

வாசல் ஜன்னலில் ஐரீன் மை தடவி, ஒவ்வொருவர் ரேகையையும் சீட்டில் எடுத்து, பெயர் எழுதி உள்ளே அனுப்புவாள். போலீஸில் ரேகை பார்த்து ஓய்வு பெற்ற வேதமாணிக்கம், உள்ளறையில் அதைப் பதிவு அட்டையோடு ஒப்பிடுவார். ஒத்துப்போனால்தான் அன்றைக்கு வேலை.

ஐரீன் பி.எஸ்சி. முடித்து இங்கே லேபில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது; இந்தப் பரீட்சைக்காக அவளை ஜன்னலில் உட்கார வைத்திருந்தார்கள். யார் எவ்வளவு நேரம் நின்றார்கள், யாருக்கு எத்தனை தடவை எடுக்க வேண்டியிருந்தது என்று குறித்து அறிக்கை எழுதுவதும் அவள் பொறுப்பு. பேசுவதைவிட அவளுக்கு எழுதுவது சுலபம்.

"தலைக்கு இருபத்தெட்டு வினாடி. பரவாயில்லையே," மேனேஜர் அறிக்கையைப் புரட்டினார். "பதிவு பண்ண அன்னிக்கு ஒரு அம்மா தகராறு பண்ணாங்களே?"

"சிலுவையம்மாளா?" வேதமாணிக்கம் சிரித்தார்.

அன்றைக்கு ஐந்து தடவை அழுத்தியும் சிலுவையம்மாளின் விரல் வெறும் கறுப்புப் பொட்டாகவே விழுந்தது.

"என்னம்மா இது? பொணத்துக்குக்கூட ரேகை வரும்," என்றார் வேதமாணிக்கம்.

"பொணம் பவுடர் மூட்டை தைக்குதா நைனா? அறுபதாம் வருசம் சேந்தேன். பதினாலு வருசமா இந்தக் கைதான் தச்சிகினு கீது."

ரேகை விழாவிட்டால் வேலை கிடையாது என்றதும் அவள் வாய் அடங்கியது. விரலைப் புடவையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு மறுநாள் வரச் சொன்னார் வேதமாணிக்கம். மறுநாள் ஜன்னலிலிருந்து வந்த சீட்டில் அவள் பெயருக்கு மேலே ரேகை பளிச்சென்று விழுந்திருந்தது, நடுவில் சின்னச் சக்கரத்தோடு. அதையே பதிவு அட்டையில் ஒட்டிக்கொண்டார்.

நேற்றுகூட சிலுவையம்மாள் ஜன்னலில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்துவிட்டுப் போனாள்.

"அந்தோணியாருக்கு மெழுகுத்திரி ஏத்தினேன் கண்ணு. எண்ணெயும் அவருமா சேந்து எனக்குக் கோடு குடுத்துட்டாங்க. அது இன்னா, உன் கையெல்லாம் மை? எங்களப் புடிச்சுப் புடிச்சே கறுத்துப் பூட்ச்சே."

ஐரீன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வீட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகாத கறை அது.

"திங்கட்கிழமையிலேர்ந்து ஆலை முழுக்க இதுதான்," என்றார் மேனேஜர். "ஆயிரத்து இருநூறு பேர். ஜன்னலுக்கு நாலு கிளார்க் வர்றாங்க. ஐரீன், நீ லேபுக்கே திரும்பிடலாம்."

"ரேகை விழாதவங்க இருந்தா சார்?"

"எண்ணெய் தடவச் சொல்லுவோம். அப்பவும் விழலைன்னா வெளியேதான். சாக்கு சொல்ல முடியாது. சிலுவையம்மாளுக்கே விழுந்துச்சே. இதையும் அறிக்கையில கடைசி வரியா எழுதிடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

ஐரீன் பேனாவைத் திறந்தாள். மூடினாள். எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சீட்டு இருந்தது.

"சார், இதுல பேர் இல்லை. யாருதுன்னு சொல்ல முடியுங்களா?"

வேதமாணிக்கம் உற்சாகமானார். "இந்தச் சக்கரத்தைத் தேடவே வேண்டாமே." இருந்தாலும் அட்டையை எடுத்து வைத்து, கண்ணாடி வழியாக ஒவ்வொரு கோடாக எண்ணினார். "சிலுவையம்மாள். கோர்ட்டுல கூண்டேறிச் சத்தியம் பண்ணுவேன்."

மேனேஜர் சீட்டை வாங்கினார். அவர் விரலில் மை ஒட்டியது.

"ஈரமா இருக்கே. இன்னும் காலைச் சங்கே ஊதலை. அந்தம்மா அதுக்குள்ள எப்படி வந்தாங்க?"

ஐரீன் முந்தானைக்குள் இருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவங்க வரலை சார். அவங்க விரல்ல இன்னிவரைக்கும் ஒரு கோடுகூட விழலை. பதிவுலேர்ந்து எட்டு நாளும் அவங்க சீட்டை மாத்திட்டு, என் விரலைத்தான் வெச்சேன்."