பாஸ்போர்ட்டுக்கு வைத்த மஞ்சள்

விசா அலுவலகத்தில் காலை பத்தரைக்கு உலகம்மாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் வெளிநாட்டில் நடக்கும் போட்டியில் அவள் வட்டு எறிய வேண்டும். கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தாள். இயந்திரம் படிக்கவில்லை. புது வண்டிக்கு வைப்பதுபோல அம்மா சாமி கும்பிட்டு வைத்த மஞ்சள், புகைப்படத்துக்குக் கீழே எழுத்துகளின் மேல் காய்ந்து கிடந்தது.

"துடைச்சிருதேன் மேடம், ஒரு நிமிஷம்."

உலகம்மாள் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி, துப்பட்டாவை நனைத்து, வட்டு எறியும் கையால் அழுத்தித் தேய்த்தாள். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உரிந்தது. அதோடு பிறந்த தேதியும் வந்துவிட்டது.

"கிழிஞ்சத வாங்கக்கூடாதும்மா. புதுசு எடுத்துட்டு வாங்க."

"அதுக்குள்ள போட்டி முடிஞ்சிரும் மேடம்."

அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வாசல் வெயிலில் நின்றிருந்த அம்மா, மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னட்டி, விரலெல்லாம் மஞ்சளா இருக்கு?"