எழும்பாதவள்

கொடைக்கானல் மலையின் வட்டக்கானலில், 2004 மழைக்காலத்தில், குப்பம்மாள் வீட்டின் நடுத்தரை உப்பிக்கொண்டு வந்தது. மண்தரை, அதன்மேல் சிமெண்ட், அதன்மேல் டைல்ஸ். மூன்றும் விரிசலே இல்லாமல் ஒன்றாக வளைந்தன. தொட்டால் கதகதவென்றிருந்தது.

"அடியில பாறைக்குழம்பு தள்ளுனா அடுக்குப்பாறை இப்பிடித்தான் உப்பும். மேல பாரம் வச்சா பக்கவாட்டுல பரவும். ஆனா நம்ம மலைக்கடியில குழம்பே கெடையாது அத்தை," என்றான் நிலவியல் படித்த மருமகன் மதன். "வெரசா எந்திரிங்க, போயிருவோம்."

'எந்திரி' என்பதற்கு இலங்கையில் 'எழும்பு'; அந்த ஒரே சொல்லில்தான் முன்பு அங்கிருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளை இந்தியாவுக்குக் கிளப்பியிருந்தார்கள். குப்பம்மாள் மேட்டின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து தரையைத் தட்டினாள்.

"நீ எழும்பினாலும் நான் எழும்பமாட்டேன்."

சாயங்காலம் அவளுக்கடியில் தரை சமமாகியிருந்தது. காலையில் நிமிர்ந்து நுழைந்த வாசலில் பையோடு காத்துநின்ற மதனுக்கு, தலை நிலையின் மேல்கட்டையில் முட்டியது. அவன் கால்கள் தரையில்தான் இருந்தன; அங்கே இப்போது தரை கதகதவென்றிருந்தது.