லீவுல படிக்கிறவள்

"ஏன் அம்மணி, கணக்குல ரெண்டு பேப்பர் போயிருச்சாமா?"

பால் சொசைட்டி வாசலில் எல்லோர் காதிலும் விழும்படிதான் பழனாத்தாள் கேட்டாள்.

தமிழ்ப்ரியா பால் கேனை டொக்கென்று கீழே வைத்தாள். "ஆருங்க சொன்னது? நான் எல்லாத்துலயும் பாஸ். கிளாஸ்ல ரெண்டாவது."

"அப்பறம் எதுக்கு வெடியக்காலத்துல புஸ்தகமும் கையுமா உக்காந்திருக்கறே? பாசானவ எவளாச்சும் லீவுல படிப்பாளா?"

"அது அடுத்த வருசத்துப் பாடமுங்க."

"நாளைக்குக் கறக்கற பாலை இன்னைக்கே ஊத்தறேங்கற மாதிரியல்ல இருக்குது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தமிழ்ப்ரியாவுக்கு எரிந்தது. இவர்களுக்கு எப்படிச் சொல்வது? பி.எஸ்சி. இரண்டாம் வருடம் வரை விடை வந்தால் போதும். மூன்றாம் வருடத்தில் அந்த விடை ஏன் சரியென்று வரிக்கு வரி நிரூபிக்க வேண்டும். "இந்த ரெண்டு மாசத்தைக் கோட்டை விட்டா ஜூன்ல முழிப்பே" என்று சொல்லி, கணக்கு டீச்சர் தன் சொந்தப் புத்தகத்தையே கொடுத்து அனுப்பியிருந்தார். முதல் நிரூபணத்தோடு நாலு நாள் மல்லுக்கட்டினாள். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வருகிறது. எம்.எஸ்சி. படிக்க வேண்டும், ஒரு நாள் அந்த டீச்சரைப் போலக் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். அதற்கு அவள் கையில் இருப்பது இந்த லீவுதான்.

அதைப் போய் ஃபெயில் என்கிறார்கள்.

"உங்களுக்கு ஆரு சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்க."

"தையக்கடை சிஞ்சு."

நேராகத் தையல் கடைக்குப் போனாள். மலையாளத்துக்காரி சிஞ்சு மெஷினை நிறுத்தவே இல்லை.

"என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றே, மோளே? உங்க வீட்டு ஆனந்திதான் பறஞ்சது. பிளவுஸ் கொடுக்க வந்தப்போ."

ஆனந்தியா?

அவள் நங்கை என்று கூப்பிடும் அண்ணன் மனைவி ஆனந்தி வீட்டில் இருப்பதே தெரியாது. இன்னொரு கரண்டி சோறு வேண்டுமா என்று கேட்கவே மூன்று தரம் யோசிப்பாள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தமிழ்ப்ரியாவின் நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆசையாகப் பார்க்கிறாள் என்றுதான் தமிழ்ப்ரியா நினைத்திருந்தாள்.

வயித்தெரிச்சல். வேறென்ன?

தமிழ்ப்ரியா கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் மார்க் லிஸ்ட்டைப் பிரின்ட் எடுத்தாள். நாளைக்கு இது சொசைட்டிச் சுவரில் ஒட்டப்படும். அதற்கு முன்னால் அந்த ஊமைக்கு ஒரு தரம் காட்ட வேண்டும்.

புழக்கடையில் ஆனந்தி வெந்நீர் அடுப்பில் தென்னமட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நங்கை, நான் ஃபெயில்னு சிஞ்சுகிட்டச் சொன்னது நீங்கதானுங்களா?"

ஆனந்தி மறுக்கவில்லை. "ஆமா அம்மணி."

"நான் பாசானது தெரியுமல்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க? நான் படிக்கறது உங்களுக்கு அத்தனை உறுத்துதா?"

ஆனந்தி வாயைத் திறப்பதற்குள் முன்வாசலிலிருந்து அப்பா மாரப்பனின் குரல் வந்தது.

"தமிழு, உன்ர மார்க் பேப்பரைக் கொண்டா சாமி. பொள்ளாச்சிக்கு அனுப்போணும்."

"பொள்ளாச்சிக்கு எதுக்குங்ப்பா?"

"உனக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை ஊட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை வந்து உறுதி பண்றதா இருந்தாங்க. ஊர்ல எவனோ பொறுக்காம நீ ஃபெயில்னு கெளப்பி உட்டுட்டான். டிகிரி முடிக்கட்டும், பொறகு பேசலாம்னு இப்ப பின்வாங்கறாங்க. பேப்பரைக் காட்டுனா ஆடிக்கு முந்தி கல்யாணத்த முடிச்சுப்போடலாம்."

"அப்ப காலேஜ்?"

"அதெல்லாம் கட்டிட்டுப் போன எடத்துல பாத்துக்கலாம்."

தமிழ்ப்ரியாவுக்குக் கையிலிருந்த காகிதம் கனத்தது. மெல்லத் திரும்பி ஆனந்தியைப் பார்த்தாள்.

ஆனந்தி அடுப்பைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். "நாலு நாள் முந்தி மாமா போன்ல பேசுனது காதுல உழுந்துது. அவருகிட்ட நின்னு பேச எனக்கு வாய் வராது அம்மணி. சிஞ்சுகிட்டச் சொன்னா பொள்ளாச்சி வரைக்கும் போயிரும்னு தெரியும்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொன்னா நீ மாமாகிட்டச் சண்டைக்குப் போவே. அவரு கல்யாணத்த இன்னும் பத்து நாள் முந்தியே முடிச்சுருவாரு." ஒரு மட்டையை உடைத்து உள்ளே செருகினாள். "என்னையும் லீவுலதான் மில்லுக்கு அனுப்புனாங்க. ரெண்டே மாசம்னாங்க. பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க, என்னைக் கூப்புடத்தான் ஆரும் வரலை."

செருப்புச் சத்தம் நெருங்கியது. பொறுமையில்லாமல் மாரப்பனே புழக்கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

சொசைட்டி வரிசையில் சிரித்த முகங்கள் ஒரு நொடி தமிழ்ப்ரியாவின் கண்ணில் வந்து போயின. சிரிக்கட்டும்.

குனிந்து, மார்க் லிஸ்ட்டை அடுப்புக்குள் வைத்தாள்.

"எங்க பேப்பர்?" என்றார் மாரப்பன்.

"காட்டற மாதிரி இல்லீங்ப்பா. ஊர்ல பேசறது நெசந்தான்."

அவர் முகம் கறுத்தது. "அப்ப நெசமாவே ரெண்டுல போயிருச்சா?"

தமிழ்ப்ரியா நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டு இல்லீங்ப்பா. மூணு."