தானாக வந்த ஓர் உயிர்

அதிகாரி அம்மா பின்வாசல் கதவைத் திறந்தபோது, என் சட்டைப்பைக்குள் நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

காலையில் வேலிக்குள் கைவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து கடத்தி வந்தது. அந்தத் தோட்டத்தில் நத்தையும் வண்டும் மண்புழுவும் தினமும் மாநாடு போடும். ஒன்றுகூட எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

என் மருமகள் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். மொத்தம் ஆறு பேர். மூத்தவருக்கு வயது நாலரை. போன வருடம் மருமகளுக்கு ஞானோதயம் வந்தது. பிளாஸ்டிக் பொம்மைகள் போதும், இனி பிள்ளைகள் மண்ணிலும் செடியிலும் கற்கட்டும் என்றாள்.

முதல் வேலையாக, முற்றத்துப் பழைய மண்ணை இரண்டடி ஆழத்துக்கு வாரி வெளியேற்றச் சொன்னாள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். புது மண் நானூறு கூடை சுமந்தேன். அவளைக் கேட்டால் நாற்பது என்பாள். செடிகள் வைத்தாள். ஏதோ ஒரு பழைய பலகைக்குக் கால் அடித்து, பிள்ளைகள் சேறு குழைக்க மேசை போட்டாள்.

செடி துளிர்த்தது, பூ பூத்தது. பூச்சி மட்டும் வரவில்லை.

அனுமதிப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: முற்றத்துக்குத் தானாக வந்த உயிர் ஒன்றையாவது பிள்ளைகள் கண்டு கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார் அதிகாரி. இன்றும் இல்லையென்றால் அனுமதி ரத்து, காப்பகத்துக்குப் பூட்டு. மருமகள் நகங்களைத் தின்று முடித்து விரலுக்கு வந்திருந்தாள்.

"நீங்க சும்மா இருங்க மாமா, அதுவே பெரிய உதவி" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சும்மா இருக்கிற ஆளா நான்?

பூந்தொட்டி ஓரத்தில் நத்தையை வைத்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அதைக் கவர்ந்து குழாயடியில் வைத்தேன். அங்கேயும் பார்த்தார், எழுதினார். அடுத்து, மதிலோரக் கல்லின் மேல். அறுபத்தாறு வயதில் நத்தையோடு இவ்வளவு வேகமாக ஓடியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

மூன்றாவது நத்தையிடம் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மூணு நத்தை முதுகுலயும் ஒரே இடத்துல சிவப்புப் பொட்டு இருக்கே?"

பிள்ளைகள் காலையில் ஸ்கெட்ச் பேனாவால் வைத்த பொட்டு. அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

"ஒரே குடும்பம் மேடம்" என்றேன்.

"இல்ல, அது ஒண்ணுதான்! தாத்தா பாக்கெட்ல இருந்துச்சு. அது பேரு மேனேஜர்!" என்றாள் வாயாடி. அவளுக்கு வயது மூன்று, தொண்டைக்கு மட்டும் முப்பது.

மருமகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை பட்டுப் பின்னாலிருந்த செடி வாடியது.

அதிகாரி மதிலோரமாகவே இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். முந்தின நாளே அங்கே நான் ஒரு மலையளவு சர்க்கரை கொட்டி வைத்திருந்தேன். கொட்டியபடியே வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"சர்க்கரைக்குக்கூட ஒரு எறும்பு வரலையே. அப்படி என்னதாங்க நடந்துச்சு இந்த இடத்துல?"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றேன், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

அவர் பேனா மூடியைத் திறந்தார். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எறும்பு!"

வாயாடிதான். மதில் விரிசலிலிருந்து ஒரே ஓர் எறும்பு இறங்கியது. நின்றது. சந்தேகத்தோடு இரண்டு பக்கமும் பார்த்தது. ஒரு சர்க்கரை மணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

ஆறு பேரும் குப்புற விழுந்தார்கள். எறும்பு சேற்று மேசைக்கு அடியில் நுழைந்தது. பிள்ளைகளும் நுழைந்தார்கள். அவர்கள் பின்னால் அதிகாரியும் தவழ்ந்து நுழைந்தார். வெளியே தெரிந்தது அரசாங்கத்தின் செருப்புகள் மட்டுமே.

கால் ஆறா ஏழா என்று உள்ளே பெரிய சண்டை நடந்தது. பிறகு அதிகாரியிடமிருந்து தும்மல் போல ஒரு சத்தம் வந்தது.

வெளியே வந்தவர், முழங்கைச் சேற்றைக்கூடத் துடைக்காமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மருமகள் அழுதாள், சிரித்தாள், வாயாடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வாசலில் அதிகாரி என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், புதுப் பேரு ஏதாவது யோசிச்சு வச்சிட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகளிடம் கேட்கலாமென்றால், அவள் மேனேஜரை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடக் கிளம்பிவிட்டாள், நத்தைக்கு ரயில் தவறிவிடும் போல.

நானே மேசைக்கு அடியில் நுழைந்து, மல்லாந்து படுத்தேன்.

தலைக்கு மேலே, நாலு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பலகை. விறகோடு விறகாக எரிந்துபோய்விட்டது என்று மருமகள் சத்தியம் செய்த அதே பலகை. அதில் முறுக்கிய மீசையும் முதுகில் மருந்து டாங்கியும் கையில் பீச்சுக்குழலுமாக நான் நின்றேன். முப்பத்தொரு வருடத் தொழிலில் புதுப் பூச்சிமருந்து எது வந்தாலும் நான் முதலில் அடித்துப் பார்த்தது இந்த முற்றத்தில்தான்.

படத்துக்குக் கீழே, நானே பெயின்டில் எழுதிய எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை:

'எறும்பு முதல் கரையான் வரை அடியோடு ஒழிக்கப்படும். ஓர் எறும்பு திரும்பி வந்தாலும் என் பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.'

முழங்கையில் சுருக்கென்று ஒரு கடி.

முப்பத்தொரு வருடம் காத்திருந்து கடித்திருக்கிறது.