ஒட்டாத மாத்திரை

"நீ பிரான்சுக்கு லீவுல போனதுலேர்ந்து மல்லுக்கட்டறேன் ஜோர்தான். மருந்து ஒட்டுதான்னு பார்க்கற அந்தப் பைத்தான் புரோகிராம் லைப்ரரியை எத்தனை தடவை இன்ஸ்டால் பண்ணாலும், சாஃப்ட்வேர் இல்லைன்னே சொல்லுது" என்றாள் சரிதா.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு அன்றுதான் திரும்பியிருந்த ஜோர்தான் சிரித்தான். "நீ கம்ப்யூட்டர்ல இருக்கற பொதுப் பைத்தான்ல போட்டிருக்க. மூலக்கூறு காட்டற இந்த சாஃப்ட்வேருக்குள்ள தனியா ஒரு பைத்தான் இருக்கு. அதுலதான் போடணும்."

அவன் போட்டதும் திரையில் படம் வந்தது. சரிதாவின் அம்மாவுடைய புற்றுநோய்ப் புரதத்தில், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒட்டாமல் விலகி நின்றது.

"ஒட்டலைன்னா மருந்து வேலை செய்யாது. டாக்டர்கிட்ட உடனே வேற மாத்திரை எழுதச் சொல்லு. அம்மா பொழைச்சுக்குவாங்க."

"இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா?"

"இப்ப மட்டும் என்ன கெட்டுப்போச்சு?"

அவள் போன் அடித்தது. தம்பி.

"கெளம்பிட்டேன் ராஜா. அம்மா படத்துக்கு மாலை, பெரிய மார்க்கெட்ல நானே வாங்கிட்டு வரேன்."